திரை மூலையில் பச்சை எண்

நவம்பர் 9, 2025. ஞாயிறு

இன்றைக்கும் பதினாலு.

திரையின் மேல் மூலையில் பச்சையாக ஓர் எண் நிற்கும். நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டுகிற எண். அறுபது இருந்தால் கம்ப்யூட்டர் கேமில் என் லாரி சீராகப் போகும். காலை ஏழரைக்கு உட்காரும்போது அறுபதுதான் இருக்கிறது. கால் மணி நேரத்தில் நாற்பது, முப்பது, இருபத்திரண்டு – அப்புறம் பதினாலு. ஸ்டீயரிங்கை இப்போது திருப்பினால் சாவகாசமாகத் திரும்புகிறது. போன வாரம் ஆரம்பித்த வியாதி. இன்று ஒரு ரவுண்டானாவில் நேராக ஏறி, பூச்செடி எல்லாவற்றையும் மிதித்து, லோடோடு கவிழ்ந்தேன்.

தருண் முன்னால் போய்க்கொண்டிருந்தான். டொரண்டோவில் அவனுக்கு அப்போது சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. வாரம் ஒரு மணி நேரம் அவன் லாரியும் என் லாரியும் முன்னும் பின்னுமாக ஏதாவது ஊருக்குப் போகும். போனில் பேசினால் “ம், சாப்பிட்டேன், சரிம்மா”. அதோடு முடிந்தது. லாரி ஓட்டினால் மட்டும் அந்தப் பிள்ளைக்கு வாய் திறக்கிறது. கண் ரோட்டில் இருப்பதால் இருக்குமோ என்னவோ.

இன்று அவனாகவே ஆரம்பித்தான். “அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளு ராசா” என்றேன். அந்த நேரம் பார்த்துத்தான் கவிழ்ந்தேன். அவன் குரலும் துண்டு துண்டாக வந்து நின்றுபோனது. எல்லாம் சரியாகித் திரும்ப வந்து, “என்னமோ கேக்கணும்னியே?” என்றால், “ஒண்ணுமில்லம்மா, அப்புறம் பாப்போம்.”

நாசமாப் போன ரவுண்டானா.

நவம்பர் 10

என்ன கேட்க வந்தான்? வேலை போச்சா? உடம்புக்கு ஏதாவதா? பொண்ணு ஏதும் பார்த்து வைத்திருக்கிறானா? பொண்ணென்றால் பரவாயில்லை. சந்தோஷம்தான்.

நவம்பர் 12

மூன்று நாளாக யூட்யூபே கதி. டிரைவரைப் புதுப்பி என்றார்கள், புதுப்பித்தேன். டிரைவர் என்றால் லாரி ஓட்டுகிறவர் இல்லையாம். பின்னால் ஓடுகிற புரோகிராம்களை மூடு என்றார்கள், மூடினேன். பவர் செட்டிங்கை மாற்றினேன். ஒரு பையன் இந்தியில் ஏதோ சொன்னான், அதையும் செய்தேன். பதினாலு.

இவர் வேறு வீட்டிலேயே இருக்கிறார். தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டாயிற்று. சீசன் முழுக்க ஆமத்தூர் ஃபேக்டரியே கதி என்று கிடந்த மனுஷனுக்கு இப்போது கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. விற்காமல் திரும்பி வந்த பெட்டிகளை எல்லாம் குடோனில் பிரித்துப் பிரித்து மறுபடி கட்டுகிறார். மழைக்காலத்தில் ஈரம் ஏறிவிட்டால் பட்டாசு நமுத்துப் போகும், அடுத்த வருஷம் வெடிக்காது. அதனால் சந்துபொந்து விடாமல் பிரவுன் பேப்பர் ஒட்டி மூடுவார். வீட்டு வாசல் வரைக்கும் மைதா பசை வாடை.

நான் கம்ப்யூட்டர் முன்னால் முனகுவதைக் கேட்டுவிட்டு, “என்ன, லாரி பஞ்சரா?” என்று கேட்டார்.

இரண்டு வருஷம் ஆகிறது. தருண் ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்றான். இவர் “போறவன் போட்டும்” என்றார். அவ்வளவுதான். அவன் போன் வந்தால் இவர் மாடிக்குப் போய்விடுவார். பெயரைக்கூடச் சொல்ல மாட்டார், ‘பய’ என்பார். அதுவும் வருஷத்துக்கு ஒரு தரம்.

நவம்பர் 16. ஞாயிறு

கேமில் எல்லாவற்றையும் குறைத்துவிட்டேன். மரத்துக்கு இலை இல்லை, வண்டிக்கு நிழல் இல்லை, ஊர் முழுக்கப் பஞ்சம் வந்த மாதிரி இருக்கிறது. ஏசியைப் பதினெட்டில் வைத்தேன். டேபிள் ஃபேனை மேசைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டிக்கு நேராகத் திருப்பினேன். எனக்குத்தான் தும்மல் வந்தது. பதினாலு!

தருண் சொன்னான்: “அம்மா, விட்ருவோமா கொஞ்ச நாளைக்கு? அது பழைய மெசின். இங்க பசங்க சனிக்கிழமை இதே நேரம் வரிசையா லாரி விட்டு கான்வாய் ஓட்டுறாங்க, என்னையும் கூப்பிடுறாங்க. டிசம்பர்லேருந்து அதுல போலாம்னு பாக்கேன். நீ கஷ்டப்படாதம்மா.”

“எனக்கென்னல கஷ்டம்? நல்லாத்தான ஓட்டுதேன்” என்றேன். அப்போது என் லாரி ஒரு பாலத்தின் சுவரை உரசிக்கொண்டு நின்றது.

நல்ல பிள்ளை, என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று நினைக்கிறான். அந்த நல்ல மனசைப் பார்த்துத்தான் பயமாக இருக்கிறது. விட்ருவோம் விட்ருவோம்னு எல்லாத்தையும் விட்டுட்டா அப்புறம் எனக்கு என்ன மிச்சம்? ‘ம், சாப்பிட்டேன், சரிம்மா’வா?

இன்னும் இரண்டே ஞாயிறுதான் இருக்கிறது.

நவம்பர் 19

விருதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பிரபாகரனுக்குப் போன் போட்டேன். நேரில் வரவில்லை. அங்கிருந்தபடியே என் திரையைப் பிடித்துக்கொண்டு, அம்பை அங்கேயும் இங்கேயும் ஓட்டினான். பேய் பிடித்த மாதிரி அது தானாக நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அக்கா, தொண்ணூத்தேழு டிகிரி காட்டுது.”

“எதுக்குள்ள?”

“படம் ஓட்டுற கார்டுக்குள்ளக்கா. சூடு ஏறுனா அது வேகத்தைத் தானா குறைச்சுக்கும். இல்லைன்னா கருகிரும்ல. காத்து போக வழி இருக்கா?”

“ஃபேனே வச்சிருக்கேன்யா.”

“அப்போ கார்டு போச்சுக்கா. இந்த மாடல் இப்போ வரவும் இல்ல. மொத்தமா மாத்திருங்க.”

மொத்தமா மாத்திருங்களாம். காலேஜ் இரண்டாம் வருஷத்தில் தருண் தன் கையாலேயே ஒவ்வொரு திருகாகப் பூட்டின பெட்டி அது. அதை மாற்றினால் அவன் வந்து பார்க்கும்போது இங்கே அவன் பொருள் என்று என்ன இருக்கும்?

தொண்ணூற்றேழு டிகிரி. வெயில் ஏறினால் பட்டாசு மருந்து கலக்கிற ரூமை மூடிவிட்டு ஆட்களை வெளியே அனுப்புகிற குடும்பம் நாங்கள். என் காலடியில் தொண்ணூற்றேழு டிகிரியில் ஒன்று வெந்துகொண்டு இருந்திருக்கிறது!

நவம்பர் 21. வெள்ளி

இருக்கன்குடிக்குப் போனேன். மாரியம்மனிடம் என்னவென்று சொல்வது? ‘தாயே, அறுபது குடு’ என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மா வயசைக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

நவம்பர் 23. ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

ஏழரைக்கு உட்கார்ந்தேன். தருணிடமிருந்து மெசேஜ் மட்டும் வந்தது: ‘டயர்டா இருக்கும்மா. அடுத்த வாரம்.’ சரி என்று அனுப்பிவிட்டு, எழுந்திருக்க மனசில்லாமல் அங்கேயே இருந்தேன். லாரி டெப்போவில் சும்மா நிற்கிறது. ஓட்டவில்லை, ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பார்க்கிறேன், எண் இறங்குகிறது. ஐம்பது. முப்பத்தெட்டு. சும்மா நிக்கிற வண்டிக்கு என்ன கேடு?

பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. ஆஃப் பண்ணி, வயரைப் பிடுங்கி, மேசைக்கு அடியில் பெட்டி வைக்கிற மர அறைக்குள்ளிருந்து இழுத்தேன். முட்டி வலிக்குப் பயந்து அதை நான் வெளியே எடுத்ததே இல்லை. முன்பக்கம் கண்ணாடி, அதுதான் என் கண்ணுக்குத் தெரியும். பின்னாலும் மேலேயும் அடியிலும் காற்றுக்காக வலை இருக்கும் என்று தருண் சொல்லியிருக்கிறான்.

வலையைக் காணோம்.

பிரவுன் பேப்பர். மூன்று பக்கமும். மைதா பசை போட்டு, சுருக்கம் விழாமல் நீவி, மூலைகளை முக்கோணமாக மடித்து – குடோன் பெட்டிக்கு ஒட்டுகிற அதே ஒட்டு. எந்த ஓட்டையையும் விடவில்லை.

“இங்க வாங்க! என்ன செஞ்சு வச்சிருக்கீக நீங்க?” என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

வந்தார். பார்த்தார். கொஞ்சம்கூட முகம் மாறவில்லை. “நாந்தான் ஒட்டினேன். நீ ஆமத்தூர் கல்யாணத்துக்குப் போனேல்ல, அன்னைக்கு. என்ன இப்போ?”

“என்ன இப்போவா? மூணு வாரமா நான் பைத்தியமா அலையுதேன்! அதுக்கு மூச்சு முட்டுதுங்க!”

“மூச்சு விடுறதுக்கு அது என்ன ஆடா மாடா? டிவி மூடித்தான இருக்கு? இது பூராம் ஓட்டை ஓட்டையா விட்ருக்கான். ஐப்பசி மழைன்னா சும்மாவா? ஈரம் ஏறி நமுத்துப் போச்சுன்னா, பய வந்து என்னத்தத் தொடுவான்?”

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றேன்.

“யாரு வந்து?” என்றேன்.

மோட்டாரை நிறுத்தணும் என்று மாடிக்குப் போய்விட்டார். மோட்டார் ஓடவே இல்லை.

பிளேடு வைத்துக் கிழித்து எடுக்கும்போதுதான் மேல்பக்கத்துப் பேப்பரைப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் யாருடைய சரக்கு, என்றைக்குக் கட்டினது என்று எழுதாமல் விடமாட்டார். இதிலும் கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தார். மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. அதற்குக் கீழே –

தருண். 27.10.25. ஈரம் ஆகாது.

பய இல்லை. பெயர்.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இத மனசுல வச்சுக்கிட்டா இம்புட்டு நாளும் மாடிக்கு ஓடுனீக?

மாலையில் ஓட்டிப் பார்த்தேன். அறுபது. ஒரு மணி நேரம். அறுபது.

நவம்பர் 30. ஞாயிறு

“என்னம்மா, இன்னைக்கு வண்டி பறக்குது? புது கார்டா?” என்று கேட்டான்.

“பழைய கார்டுதான். நீ கேக்க வந்ததைக் கேளு மொதல்ல. மூணு வாரமா எனக்குச் சோறு இறங்கல.”

ஒரு டோல்கேட் தாண்டினோம். அப்புறம் கேட்டான்: “அப்பா என்னையப் பத்தி எப்பவாச்சும் கேப்பாகளாம்மா?”

இதுதானா? இதுக்காடா இம்புட்டு நாளு?

பொய் சொல்லவில்லை. “கேக்க மாட்டாக” என்றேன். அவன் “சரிம்மா” என்றான். அந்தச் சரிம்மாவை நான் விட்டிருந்தால் அது அத்தோடு போயிருக்கும். “இருலே, நான் முடிக்கல” என்று, அந்தப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மைதா பசை, மூலை மடிப்பு, ஐப்பசி மழை, பய வந்து என்னத்தத் தொடுவான் – எல்லாம். கடைசியில் எழுதியிருந்ததை வாசித்தேன்.

முன்னால் அவன் லாரி இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நின்றது. நானும் பின்னாலேயே நிறுத்தினேன். அவன் அழுதானா தெரியாது, மைக்கை அணைத்துவிட்டான். நான் அழுதேன். இரண்டு லாரியும் பத்து நிமிஷம் அப்படியே நின்றன.

திரும்ப வந்து, “அந்தப் பேப்பரைத் தூரப் போட்றாதம்மா” என்றான். அடுத்த சனிக்கிழமை கான்வாய்க்கு வரவில்லை என்று பசங்களிடம் சொல்லிவிடுவானாம்.

டிசம்பர் 3

கம்பெனி திறந்தாயிற்று. பூஜை முடிந்து வந்து, சாப்பிடும்போது இவர் கேட்டார்: “அந்த லாரிய எப்படி ஓட்டுறது? கியர் உண்டா?”

டிசம்பர் 7. ஞாயிறு

வெளியே நல்ல மழை. இதைச் சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஏனென்றால் என் நாற்காலி எனக்கு இல்லை. ஏழு மணிக்கே சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார், பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போகிறவர் மாதிரி.

முதல் ஐந்து நிமிஷம் இன்ஜின் சத்தம் மட்டும்தான். நான் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம் இவர் குரல்: “லோடு என்னலே?”

“தக்காளிப்பா.”

“நசுங்கிராம பார்த்துப் போ.”

“நீங்க மொதல்ல வலது பக்கம் வாங்கப்பா. அந்த ஊர்ல எல்லாரும் வலதுலதான் ஓட்டுவாங்க. எதிர்ல பஸ் வருது... அப்பா... அப்பா!”

காபி கொண்டுபோய் வைத்தேன். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் அறுபது, அசையவே இல்லை. லாரி போனது மணிக்கு இருபது கிலோமீட்டரில். தருண் முன்னால் நிறுத்தி நிறுத்திக் காத்துக்கொண்டிருந்தான்.