மடத்துச் சாமியார்கள் காய்ச்சியது

மார்கழி 9, 1938

இந்தச் சங்கதிக்கெல்லாம் தாளை வீணாக்குகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதாமல் தூக்கம் வராது.

போடி மலை எஸ்டேட் துரைசாணிக்குத் தமிழ் சொல்லித்தரப் போயிருந்தேன். அவர் பெல்ஜியம் தேசத்துக்காரர். தம் ஊர் மடத்தில் சாமியார்களே காய்ச்சியது என்று சொல்லி, கறுப்பாக ஒன்றை ஊற்றிக் கொடுத்தார். சாமியார்கள் காய்ச்சினால் கஷாயமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பிறர் வீட்டு டம்ளரில் உதடு படக் கூடாதே என்று, அண்ணாந்து கடகடவென ஊற்றிக்கொண்டேன். பாதி நுரை சேலையில் வழிந்தது. கருகின வெல்லமும் உலர்ந்த திராட்சையும் கலந்தாற்போல் ருசி, பின்னால் ஒரு கசப்பு. தொண்டை சுட்டது.

"மெதுவாக, அது பீர்" என்று அவர் சிரித்தார். தெரிந்த பிறகும் இரண்டாவது டம்ளரை வாங்கிக் குடித்தேன். வெட்கம் அதில்தான்.

வீட்டு வாசலிலேயே என்னைப் பெற்ற ஐயாவுக்கு வாடை தெரிந்துவிட்டது.

"என்ன ஆத்தா, துரைசாணி ஊத்திக் குடுத்தாகளாக்கும். நல்லாருந்துச்சா?"

தலையாட்டினேன்.

"ஒங்கம்மா கண்ணுல படுறதுக்குள்ள போயி மூஞ்சியக் கழுவு."

அவ்வளவுதான் சொன்னார். பி.ஏ. முடித்து வந்த வாரம், மதுவிலக்குக் கூட்டத்துப் பெண்களோடு போய், தெருவே பார்க்க அவர் கையிலிருந்த கள்ளுக் கலயத்தைப் பிடுங்கி உடைத்தவள் நான். அன்றிலிருந்து அவர் கள்ளைத் தொடவில்லை. இன்று அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். சிரித்துக்கொண்டே எனக்கு வழிவிட்டார்.

ஐயா, நாளைக்காவது என்னை ஒரு தரம் திட்டிவிடுங்கள்.