புதன்கிழமை விமானத்தில் எழுபத்திரண்டு கிலோ

வில்லவிசென்சியோ,
7 ஜூன் 2011

அன்புள்ள யோலிமா,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வேறு வழியில்லை, ஏனென்றால் நீ எழுதுவதில்லை. இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றையும் உன் கையிலேயே கொடுத்ததாக விமானத்தின் கேப்டன் எவரிஸ்தோ சத்தியம் செய்கிறார்.

பிடிவாதக்காரிக்கு இந்த மாதம் அறுபத்தெட்டு வயது. எங்கோ ஒரு போருக்காகச் செய்த டிசி-3 விமானம், இன்றும் புதன்தோறும் பயணிகளையும் கோழிகளையும் டீசல் பீப்பாய்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு உங்கள் காட்டில், அந்தக் களிமண் பாதையில் வந்து இறங்குகிறாள். போன வாரம் பொகோட்டாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவளைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "இதுவா இன்னும் பறக்குது?" என்றார். கேப்டன் சிரிக்கவே இல்லை. "இல்லீங்க ஐயா, காலையிலதான் தள்ளிக்கிட்டு வந்தோம்" என்றார். சிரிப்பை அடக்க நான் இறக்கைக்கு அடியில் போய் நின்றுகொண்டேன். அவள் இறங்கும் இடத்தில் இறங்க இன்று வரை ஒரு புது விமானமும் துணியவில்லை என்பதை அந்த மனிதரிடம் யார் சொல்வது?

ஒன்று கேள்விப்பட்டேன். ஆற்றின் மேல்பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு நீ மாற்றல் கேட்டிருக்கிறாயாம். படகில் மூன்று நாள். விமானம் இறங்க அங்கே இடமே கிடையாது. அதற்காகத்தான் கேட்டாயா?

உன்,
அன்செல்மோ


சான் இசிதோரோ,
8 ஜூன் 2011

திரு. அன்செல்மோ பார்தோ அவர்களுக்கு,

இப்படித் தொடங்கினால்தான் கோபம் ஆறுவதற்குள் எழுதி முடிப்பேன். விமானத்திலிருந்து சரக்கை இறக்குகிறார்கள். கேப்டன் வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். "ஒரு வரியாவது எழுதும்மா, அந்த ஆளு என் உயிர எடுக்கிறான்" என்கிறார். அவருக்காக எழுதுகிறேன்.

ஆமாம், அதற்காகத்தான் மாற்றல் கேட்டேன். புதன்தோறும் அந்த எஞ்சின் சத்தம் கேட்கும்போது, நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, நெஞ்சு படபடக்கிறது. எனக்கு அது வேண்டாம்.

உங்கள் மெக்கானிக் தொழிலில் ஒரே ஒரு வழக்கம் உண்டு, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். எஞ்சினைத் திறந்த கை, அடுத்த பயணத்தில் அதே விமானத்தில் உட்கார வேண்டும். நவம்பர் பத்தாம் தேதி இடது எஞ்சினை நீ சரி செய்திருந்தாய். நான் ஏறினேன். நீயும் ஏறி, என் பக்கத்து இருக்கையில் பையை வைத்தாய். பிறகு, "ஸ்பேனர விட்டுட்டேன், எடுத்துட்டு வரேன்" என்று இறங்கினாய். கதவை மூடிவிட்டார்கள்.

நாற்பது நிமிடத்தில் இடது எஞ்சின் நின்றது. மீதி வழி முழுவதும், ஐம்பது நிமிடம், ஒற்றை எஞ்சினில் வந்தோம். கீழே மரங்கள் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தன. எதிரே ஒரு பெண் கோழியைக் கட்டிக்கொண்டு ஜெபம் செய்தாள். நான் நின்றுபோன விசிறியையும் உன் பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பிடிவாதக்காரியை நான் குறை சொல்லமாட்டேன். அவள் பாதி உயிரோடு எங்களைக் கொண்டுவந்து சேர்த்தாள். அவள் என்னை விட்டு இறங்கவில்லை.

மறுநாள் நீ வேறொரு பழைய விமானத்தில் வந்து, மூன்று நாள் சேற்றில் நின்று அவளைச் சரி செய்தாய். நான் கதவைத் திறக்கவில்லை. இப்போது கேட்கிறேன், ஒரே கேள்வி. அந்த எஞ்சின் நின்றுவிடும் என்று உனக்குத் தெரியுமா?

முப்பதாம் தேதிக்குள் மாற்றல் தாளில் கையெழுத்திட வேண்டும். பதில் இருந்தால் எழுது. இல்லையென்றால் கேப்டனின் உயிரை எடுக்காதே.

யோலிமா


வில்லவிசென்சியோ,
14 ஜூன் 2011

யோலிமா,

தெரியாது. எஞ்சினில் வெடித்தது நான் தொடாத சிலிண்டர். இதைக் கேப்டனிடமே கேட்டுக்கொள்.

ஆனால் ஸ்பேனர் பொய். அன்றைய சரக்கு எடைச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் தடுப்பூசிகளுக்காகப் பதினொரு மாதம் மனு மேல் மனு போட்டாயே, அந்தக் குளிர்ப்பெட்டி அன்றைக்குத்தான் ஏறியது. உனக்கே தெரியாமல் கடைசியில் ஏற்றி, ஊர் போய்ச் சேர்ந்ததும் காட்டலாம் என்றிருந்தேன். எடை பார்க்கும் பெலிசாரியோ வந்து என் காதில், "அண்ணே, எழுபது கிலோ கூடுது. பெட்டிய இறக்கிரட்டா?" என்றான். நான் எழுபத்திரண்டு கிலோ. பெட்டி இருக்கட்டும் என்று நான் இறங்கிவிட்டேன். உன்னிடம் சொல்லியிருந்தால் பெட்டியை வெளியே எறிந்துவிட்டு என்னை உட்கார வைத்திருப்பாய்.

இதை ஏழு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஏனென்றால் இது பாதிதான். காலையில் ஓட்டிப் பார்த்தபோது அந்த எஞ்சின் ஒரு தடவை இருமியது. மறுபடி ஓட்டினோம், சுத்தமாக ஓடியது. கேப்டன் சரி என்றார், நானும் சரி என்றேன். ஆனால் இறங்கி என் கால் தரையில் பட்டபோது, யோலிமா, எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ உள்ளே இருக்கிறாய், எனக்கு வெளியே நிம்மதி. அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு, பெட்டிக்காக இறங்கினேன் என்று உன்னிடம் பெருமை பேச எனக்கு வாய் வரவில்லை.

தெரியுமா என்று கேட்டாய், தெரியாது. பயந்தாயா என்று கேட்டிருந்தால், ஆமாம்.

அன்செல்மோ


சான் இசிதோரோ,
22 ஜூன் 2011

அன்செல்மோ,

போன புதன் உன் கடிதம் வந்தது. கேப்டனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். ஒரு வாரம் உன்னைத் திட்டிக்கொண்டே ஊசி போட்டேன். ஊர்ப் பிள்ளைகள் பாவம்.

நீ பயந்ததை என்னால் மன்னிக்க முடிகிறது. அந்த ஐம்பது நிமிடத்தில் நான் பயந்த பயத்தைப் பார்த்திருந்தால் நீ என்னைத் திருமணம் செய்ததற்கே வருந்தியிருப்பாய். அதை என்னிடம் சொல்லாமல் போனதுதான் ஆறமாட்டேன் என்கிறது. "பயமா இருக்குடி" என்று என் காதில் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருப்போம்.

அந்தப் பெட்டி இப்போதும் என் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அதிலிருந்து ஊசி போட்டிருக்கிறேன். அதற்குப் பதிலாக இறங்கியது யார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இன்று, நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக, விமானம் இறங்கும் இடத்துக்குப் போனேன். மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பாதை முழுவதும் சேறு. மரங்களுக்கு மேலே தெரிந்தாள், ஒரு தடவை வட்டமடித்தாள், இறங்கினாள், சேற்றை வாரி அடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அறுபத்தெட்டு வயதில் என்ன ஒரு திமிர்! வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கை முழுவதும் எண்ணெய். இதை எழுதும்போதும் கழுவ மனம் வரவில்லை. நீ ஏன் அவள் மேல் பைத்தியமாக இருக்கிறாய் என்று பன்னிரண்டு வருடம் கழித்து எனக்குப் புரிகிறது.

மாற்றல் தாளை வாங்க வந்த படகுக்காரரிடம் தாளுக்குப் பதில் கருவாட்டைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். குளிர்ப்பெட்டி படகில் ஏறாதாம், அதனால்தான். வேறு காரணம் இருப்பதாக நினைத்துக்கொள்ளாதே.

வரும் புதன் அதே விமானத்தில் வா. உன் பை இங்கேயேதான் இருக்கிறது, துவைத்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நீ அனுப்பிய எடைச் சீட்டை நான் முழுவதும் படித்தேன். குளிர்ப்பெட்டிக்கு மேல் வரியில் என்ன இருக்கிறது என்று நீ பார்க்கவே இல்லையா? பீர், மூன்று பெட்டி, எழுபத்தைந்து கிலோ! நீ, பெலிசாரியோ, கேப்டன், மூன்று ஆண்பிள்ளைகள் அங்கே நின்றிருக்கிறீர்கள். ஒருவனுக்காவது அதை இறக்கத் தோன்றவில்லையே!

புதன்கிழமை எடை கூடினால் பீரை இறக்கு. நீ இறங்காதே.

உன்,
யோலிமா