மரக்காலும் பத்து மதிப்பெண்ணும்

14-12-1981, நீடாமங்கலம்

அரையாண்டுத் தேர்வு. சிறப்புத் தமிழில் முப்பத்தொரு தாள்கள். நயம் பாராட்டும் கேள்விக்கு நான் பழக்கியபடியே எல்லோரும் ஒரே பதில்: எதுகை, மோனை, அணி, சுவை என்று நாலு தலைப்பு, நாலு அடிக்கோடு. பாட்டைப் படித்த அடையாளமே இல்லை. தலைமையாசிரியர் இதைத்தான் நல்ல பயிற்சி என்கிறார்.

ஒரு தாள்தான் தொல்லை. காத்தான் மகள் அமிர்தத்தின் தாள். மிராசுதார் ஒருவர் அறுவடைக் கூலி நெல்லை மரக்காலால் அளந்து வழங்கும் அழகைப் புகழும் பாட்டு அது. சுவை பெருமிதம் என்கிறது விடைக்குறிப்பு. இவள் நகைச்சுவை என்று எழுதிக் காரணமும் கொடுத்திருக்கிறாள்: "அளப்பவர் கட்டை விரலை மரக்காலுக்குள் விட்டுத்தான் அளப்பார். அந்த அளவு நெல் குறையும். கவிஞர் கூலி வாங்கியதில்லை போலும். எங்கள் தெருவில் இதை வாசித்தால் சிரிப்பார்கள்."

பத்துக்கு இரண்டு போட்டேன். காத்தான் குடும்பம் அறுப்பது எங்கள் வயலில். அளப்பவர் என் அண்ணன் சாமிதுரை. இரண்டு போட்டதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

15-12-1981

சம்பந்தம் உண்டு.

17-12-1981

தாளோடு வந்து நின்றாள். ஆசிரியர் பயிற்சியில் சேர வேண்டுமாம். மதிப்பெண் குறைந்தால் இடம் கிடைக்காது, அம்மாவோடு அறுப்புக்குத்தான் போக வேண்டும்.

"இதுல தப்பு எங்கங்க ஐயா?"

விடைக்குறிப்பில் இல்லாதது தப்பு என்றேன். பதினைந்து வருட அனுபவம் பேசியது.

6-1-1982

தமிழ் உணர்வை வகுப்பறையில் வளர்க்கச் சொல்லிச் சென்னையிலிருந்து சுற்றறிக்கை. நான்கு பக்கம். சாக்பீஸ் இன்னும் வரவில்லை.

29-1-1982

சம்பா அறுப்பு. அரசாங்க முத்திரை குத்திய மரக்கால் வரும்வரை கூலி வாங்க மாட்டோம் என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் காத்தான். அண்ணன் போலீசுக்கு ஆள் அனுப்பினார். நம் மரக்காலுக்கு என்ன குறை என்று காட்ட, எல்லோர் முன்னாலும் ஒரு மரக்கால் அளந்தார்.

விரல் உள்ளே இருந்தது. பழக்கதோஷம், அவருக்கே தெரியவில்லை. வருடா வருடம் அதே களத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்திருக்கிறேன், ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்தேனா? இன்றும் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

போலீஸ் வந்து காத்தானையும் நாலு பேரையும் லாரியில் ஏற்றிப் போனார்கள்.

1-2-1982

காத்தான் திரும்பிவிட்டான். அமிர்தத்தைக் கூப்பிட்டு, இரண்டை அடித்துப் பத்து போட்டுக் காட்டினேன். என்னையே மெச்சிக்கொண்டேன் என்றும் எழுதிவிடுகிறேன். அவள் தாளை வாங்கவில்லை.

"பெரிய பரீட்சையில திருத்துறவரு உங்க களத்துக்கு வந்து பாப்பாராங்க ஐயா? அந்த நாலு தலைப்பையே சொல்லிக்குடுங்க."

சொல்லிக்கொடுத்தேன்.

18-3-1982

பொதுத்தேர்வில் அதே பாட்டு. சுவை என்ன எழுதினாய் என்று கேட்டேன். பெருமிதம் என்றாள், செருப்பைப் பார்த்துக்கொண்டே.

10-6-1982

தாலுகாவில் சிறப்புத் தமிழில் அவள்தான் முதல். பயிற்சி இடம் நிச்சயம். எனக்குச் சால்வை.

2-8-1982

பள்ளி மலரில் அவளுடைய பதிலை மாதிரி விடையாகப் போட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் கேட்டதால் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தாளாம். வழங்கும் கையின் பெருமிதம் பற்றி ஒரு பக்கம், ஒரு பிழை இல்லை.

அண்ணன் இரண்டு முறை வாசித்தார். கண் கலங்கிவிட்டது.

"நம்மள நெனச்சுத்தான்டா எழுதியிருக்கு. அந்தப் புள்ளைக்கு நன்றி இருக்கு."

சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட ஒரு பிரதி கேட்டார். கொடுத்தேன்.