கவிஞர் வேலிக்கு அப்பால் கண்டது

நவம்பர் 7, வெள்ளி

காலையில் தூறல். பிறகு கொஞ்ச வெயில். மறுபடி இருட்டு.

ஞாயிறு கழகக் கூட்டத்துக்குச் செய்ய வேண்டியவை: பதாகை. ஒலிபெருக்கி. வாசிகசாலைச் சாவி. தேநீரோடு கொடுக்க வாய்ப்பனுக்குச் சொல்ல. மூக்குக்கண்ணாடி கொடுக்கவேண்டிய முதியவர்களின் பட்டியல் (இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், பெயர் வெட்ட).

செயலாளர் என்றால் எல்லாம் என் தலையில். தலைவர் மாஸ்ரர் போனில், "றெஜினா பிள்ளை, இந்தமுறை ஒரு கவிஞரும் பேசுவார். தில்லைநாதன், நயினாதீவு ஆள். படகு எஞ்சின் திருத்திறவர். நல்லா எழுதுவார்." கேள்விப்படாத பெயர்.

தைத்துக் கொடுக்கச் சட்டை நாலு கிடக்கிறது.

போன ஞாயிறு ஆத்துமாக்கள் திருநாளுக்கும் திரேசா சேமக்காலைக்குக் கல்லறையில் திரி கொளுத்த வரவில்லை. தம்பி அன்ரனின் பெண்சாதி. அவன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் இருபது வருடத்துக்கு மேல். இந்த வீட்டில் அவளும் நானும்தான். "அவருக்கு ஏன் மெழுகுதிரி, மச்சாள்?" அதே பேச்சு. செபமாலையில் இன்னும் அவனைப் பயணம் போனவர்களோடுதான் சேர்க்கிறாள்.

நவம்பர் 9, ஞாயிறு

மழையிலும் முப்பது, நாற்பது பேர். மாஸ்ரரின் வரவேற்புரை அரை மணித்தியாலத்துக்கு மேல். பின் கதிரையில் இருவர்:

"கவிதை முடிஞ்சாப் பிறகோ தேத்தண்ணி?"

"ஓம், பேசாமல் இரும்."

கவிஞருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். மெலிந்த ஆள். நகக்கண்ணில் கிறீஸ் கறை. கடலைப் பற்றி எழுதுவது குறித்துப் பேசினார். எனக்குக் கவனம் தேநீரில். கடைசியாக ஒரு கவிதை வாசித்தார். நினைவில் நின்ற மட்டும்:

மழைக்குள் ஒரு வீடு.
பின் யன்னலில், முதுகு காட்டி ஒருவன்.
இரண்டு தரம் தட்டினான். பொறுத்து, ஒரு தரம்.
உள்ளே தையல் மெசின் நின்றது.
எவரும் எழும்பி வரவில்லை.

கையிலிருந்த கேத்திலை எப்போது கீழே வைத்தேன் என்று தெரியாது.

அந்த மெசின் என்னுடையது.

ஒருவருக்கும் சொன்னதில்லை. இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அன்ரன் விடியக் கடலுக்குப் போன நாள். மத்தியானத்தோடு திடீரென்று ஊரடங்கு. பின்னேரம் நாலு மணி, பெருமழை. பின் யன்னலில் இரண்டு தட்டு, பொறுத்து ஒன்று. அன்ரன் தட்டும் முறை. ஆனால் அவன் திரும்ப இருட்டிவிடும். யார் தட்டினாலும் கதவு திறக்காத காலம் அது. அவன் தட்டுவதைப் பார்த்துப் பழகிய வேறு யாரோ என்று நினைத்தேன். மெசின் சில்லில் கையை வைத்து நிறுத்தினேன். மூச்சுவிடவில்லை. இன்னொரு முறை தட்டியது. பிறகு மழை மட்டும். திரேசா காய்ச்சலோடு அறையில் நித்திரை.

மறுநாள் கவிழ்ந்த வள்ளம் கரையொதுங்கியது. உடல் இல்லை.

தட்டியவன் அன்ரன்தான், கரையேறிக் காயத்தோடு வந்து நின்றவனுக்கு நான்தான் திறக்காமல் விட்டேன். இத்தனை வருடமும் இந்த நினைப்போடுதான் இருக்கிறேன்.

கூட்டம் முடியக் கவிஞர் நயினாதீவுக்குக் கடைசிப் போட்டைப் பிடிக்கப் போய்விட்டார். படியிறங்கும்போது திரும்பி என்னை ஒரு பார்வை.

நவம்பர் 10, திங்கள்

கூட்ட அறிக்கை எழுத உட்கார்ந்தேன். "கவிஞர் அவர்கள் உரையாற்றினார்." அதற்கு மேல் பேனை போகவில்லை. தையலும் இல்லை. மெசினைச் சீலை போட்டு மூடினேன்.

திரேசா: "என்ன மச்சாள், சுகமில்லையோ?"

"தலையிடி."

பின்வளவுக்கு இரண்டு முறை போய்ப் பார்த்தேன். வாழை. ஈர மண். என்ன தேடினேனோ.

நவம்பர் 12, புதன்

நூல் வாங்க யாழ்ப்பாணம் என்று திரேசாவிடம் பொய். நயினாதீவுப் போட் வெளிக்கிடும் குறிகட்டுவானுக்குப் பஸ் ஏறினேன். போட்டில் அம்மன் கோயிலுக்குப் போகும் சனம், பூத்தட்டு, தேங்காய். கடல் கொஞ்சம் குழப்பம்.

தில்லைநாதனின் கொட்டில் இறங்குதுறைக்குக் கிட்ட. எஞ்சின் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரையைத் துடைத்து வைத்தார்.

"நீங்கள் வருவீங்கள் எண்டு தெரியும், அக்கா."

"அண்டைக்குத் தட்டினது நீரோ?"

"இல்லை. நான் வேலிக்கு அங்காலை நிண்டனான்."

அன்று அன்ரனோடு வள்ளத்தில் போனவர் இவர். கடலுக்குப் போகப் பாஸ் இல்லாதவர், பட்டினி. அன்ரன் இரக்கப்பட்டு ஒருவருக்கும் சொல்லாமல் ஏற்றியிருக்கிறான். மத்தியானத்துக்கு முன்பே காற்று திரும்பி வள்ளம் கவிழ்ந்தது.

"என்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தவர், விட்டிட்டார். தண்ணிக்குள்ளை தாண்டதை என்ர கண்ணாலை கண்டனான். நீலச் சேட்டு போட்டிருந்தவர். மேலை வரேல்லை."

நீந்திக் கரையேறி, சேதி சொல்லப் பனங்காணிகளுக்குள்ளால் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"வேலியடிக்கு வர, யன்னலிலை ஒருத்தர் நிண்டு தட்டுறார். அதே நீலச் சேட்டு. காத்து அந்த அடி அடிக்குது, சேட்டு அசையேல்லை, அக்கா. உள்ளை மெசின் சத்தம் நிண்டது எனக்கும் கேட்டது. கூப்பிட வாய் வரேல்லை. ஓடினனான்."

பாஸ் இல்லாமல் போனது நேவிக்குத் தெரிந்தால் என்ன நடக்குமோ என்ற பயம். பிறகு மன்னார், இந்தியா. திரும்பி வந்தும் சில வருடம். "உங்கட சந்தி மட்டும் வந்து வந்து திரும்பினனான். கூட்டத்துக்குக் கூப்பிட, இனிச் சொல்லாமல் இருக்க ஏலாது எண்டுதான் அதை வாசிச்சனான்."

எஞ்சின் மூடியை எடுத்துத் துடைத்தார். பிறகு, "யன்னலைத் திறந்தனீங்களோ?"

"இல்லை."

"நல்லது."

ஏன் நல்லது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

திரும்பும்போது கடலைப் பார்க்கவில்லை. மடியைப் பார்த்தபடி இருந்தேன். மத்தியானமே போய்விட்டான். உயிரோடு வந்த தம்பியை நான் வெளியில் நிறுத்தி வைக்கவில்லை. நெஞ்சு லேசாக வேண்டும். ஆகவில்லை. அப்படியென்றால் நாலு மணிக்கு வந்து நின்றது?

நவம்பர் 13, வியாழன்

திரேசாவிடம் சொல்லிவிட்டேன். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். வள்ளம், நீலச் சேட்டு, நான் திறக்காதது, எல்லாம். திருவுவதை அவள் நிறுத்தவில்லை. பாதித் தேங்காய் முடிந்த பிறகு:

"நான் அண்டைக்கு நித்திரை இல்லை, மச்சாள்."

அடுப்பில் இருந்த பானையை இறக்கி வைத்தேன்.

"நானும் கேட்டனான். நீங்கள் மெசினை நிப்பாட்டினதும் கேட்டது. நீங்கள் எழும்பேல்லை. நானும் எழும்பேல்லை. ஏன் எண்டு இப்ப கேக்காதேங்கோ."

இருபது வருடத்துக்கு மேல் ஒரே கூரை. ஒரே அடுப்பு.

பின்னேரம் தானாகவே சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். இருவருமாகப் போய் ஃபாதரிடம் அன்ரனின் ஆத்துமாவுக்கு இளைப்பாற்றிப் பூசைக்குச் சொன்னோம். தில்லைநாதனுக்கும் போன் எடுத்தேன்.

நவம்பர் 15, சனி

காலைப் பூசை. அன்ரனின் பெயரை ஃபாதர் இறந்தவர்களோடு வாசித்தார். திரேசா அழவில்லை. தில்லைநாதன் கடைசி வாங்கில் இருந்தார். பூசை முடிய அவள்தான் போய், "வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்றாள்.

சோறு, மீன் குழம்பு, முருங்கையிலை வறை. நல்ல வெயில். பாதிச் சாப்பாட்டில் திரேசா அவரைப் பார்த்து:

"யன்னலிலை தட்டேக்கை அவர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லையே. தட்டினது மட்டும்தான்."

நானும் தட்டல் மட்டும்தான் கேட்டேன் என்றேன்.

திரேசா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ர பேரைச் சொன்னவர். 'திரேசா, நான்தான். பயப்பிடாதை. ஆனால் திறந்துபோடாதை' எண்டவர். உயிரோடை இருக்கிற ஆள் அப்பிடிச் சொல்லாது எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கினது. ஆனாலும் அவர் செத்ததைக் கண்ட ஆள் ஒருத்தர் வந்து சொல்லுமட்டும் நம்பிறேல்லை எண்டு இருந்தனான்."

குழம்புச் சட்டியைத் தில்லைநாதன் பக்கம் நகர்த்தினாள். பிறகு மூன்று பேரும் அந்த யன்னல் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தோம்.