அடைக்காத குழாய்

தூத்தூர்,
14.8.2011

அன்பு மகன் ரெஜினுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் குளிர்நாட்டில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் கேட்கிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயம்தான், ஆனால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமசுக்கு வந்தபோது நீ மாட்டிவிட்டுப் போன இரண்டு பில்டரில் சாதாரண சவ்வு போட்டது தவக்காலத்திலேயே அடைத்துவிட்டது, நூல் போலத்தான் தண்ணீர் விழுகிறது. நம் கிணற்றைக் கேட்க வேண்டுமா, கடல் ஏறி வந்த வருடத்திலிருந்து உப்பும் கலங்கலும்தான். உன் ஆராய்ச்சிக்கூடத்தில் நீ பூச்சு பூசிக் கொண்டுவந்த சவ்வு போட்டது மட்டும் முதல் நாள் போலவே ஓடுகிறது. கொழுக்கட்டை பிடிக்கும்முன் மாவு ஒட்டாமலிருக்க உன் அம்மை கையை நனைத்துக்கொள்வாளே, அதுபோல இந்தப் பூச்சு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அழுக்கு ஒட்டாது என்றாய். சரிதான். இது அடைத்தால் நானே வந்து கழற்றிப் பார்ப்பேன் என்றும் சொன்னாய். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் குடத்தை வைத்துவிட்டு, இன்றைக்காவது தண்ணீர் கொஞ்சம் மெலிந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பெற்ற தகப்பன் பார்க்கிற பார்வையா இது. பக்கத்து வீட்டு செசிலி, அடச்சிப் போச்சுண்ணு எழுதும் அண்ணே, பிள்ள பறந்து வருவான் என்று சிரிக்கிறாள். போன வாரம் சாளை மீன் கழுவிய தண்ணீரைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு மாடித் தொட்டிவரை போய்விட்டேன். தினம் ஒரு சட்டி ஊற்றினால் எந்தப் பூச்சும் தாங்காது. மூடியையும் திறந்தேன். அந்தச் சவ்வை நீ பெட்டியில் போடாமல் விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது நினைவு வந்தது, தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டேன். ஆகையால் எட்டு மாதமாக அடைக்கவில்லை என்று உன் பேராசிரியரிடம் தைரியமாகச் சொல், இதில் கள்ளம் ஒன்றும் இல்லை.

அம்மை போனபிறகு வீட்டில் பேச ஆளில்லை. சில நாள் அந்தக் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். தனியாக இருக்க முடியவில்லை மக்கா. நாளை மாதா திருநாள், உன் பேரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். ஞாயிறு பூசையை விடாதே, வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுக்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஆண்டவரும் உன் அம்மையும் உன்னைக் கூடவே இருந்து காக்கட்டும். கிறிஸ்துமசுக்கு இப்போதே லீவு கேட்டு வை, மறக்காதே. உன் குழாய் அடைக்கிற மாதிரி தெரியவில்லை. அடைக்காவிட்டாலும் வா.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
ஏசுஅடிமை