அக்காவின் கல்யாண டிஸ்க்

ஞாயிறு இரவு, புதுப்பட்டினம்

புருஷன் வீட்டிலிருந்து அக்கா வந்து ஒரு வாரம் ஆகிறது. திரும்பிப் போகமாட்டேன் என்கிறாள். நாளைக் காலையில் அனுப்பிவிடுவது என்று நைனா முடிவு செய்துவிட்டார்.

மாலையில் அவளுடைய கல்யாண டிஸ்க்கைப் போடச் சொன்னார். புது டிவி வந்ததிலிருந்து பிளேயரின் செட்டிங்கை நான் நோண்டிக்கொண்டிருக்கிறேன். முகத்தை வழவழப்பாக்குவது, நிறத்தைத் தூக்கிக் காட்டுவது, இரண்டையும் இன்றுதான் அணைத்தேன். டிஸ்க்கில் உள்ளது உள்ளபடி வரட்டும் என்று.

"பாரு, அன்னிக்கு எப்டி சிரிச்சிகினு கீற," என்றார் நைனா அக்காவிடம்.

திரையில் தாலி கட்டும் நேரம். அக்கா சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் இமைகள் வீங்கியிருந்தன. கன்னத்துப் பவுடரில் கண்ணீர் இறங்கிய தடம். இத்தனை வருடமாக பிளேயர் அதை மழுப்பியே காட்டியிருக்கிறது.

"இன்னாடா பண்ணி வெச்ச? மூஞ்சே நல்லால்ல."

"அவன் ஒண்ணும் பண்ணல நைனா," என்றாள் அக்கா. "மொத நாள் ராத்திரி பூரா அழுதேன். நீதான கதவ வெளிய சாத்திகினு போன?"

நைனா அவள் பக்கம் திரும்பவில்லை. "பழைய மாரி வைடா," என்றார் என்னிடம்.

வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று தெரியவில்லை. திரையில் அக்காவின் முகம் மெழுகாகப் பளபளத்தது.

"இப்ப கரீட்டா கீது."

அக்கா எழுந்துபோய்ப் பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். பஸ் ஏற்றிவிட நான்தான் போகவேண்டுமாம்.