கொசு கடித்த கன்னம்

அன்புள்ள இருசம்மாளுக்கு,

சூரத்திலிருந்து வரதன். நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய்.

ஞாயிறன்று வீடியோவில் பார்த்தேன். நம் மருமகள் மாலா, ஏரியில் பிடித்த நண்டைத் தின்றுகொண்டிருந்தாள். நண்டுக் காலைக் கடைவாயிலேயே உடைக்கிற நீ, கன்னத்தை முந்தானையால் மூடிக்கொண்டு கஞ்சி குடித்தாய்.

"இன்னா வாத்யாரே, மூஞ்சயே பாத்துக்கினு கீற? கொசு கட்ச்சிச்சி" என்றாய்.

"அய்ய, அம்மாம் பெரிய கொசுவ மீன் வலை போட்டுத்தான் புடிக்கணும் அத்தே!" என்று மாலா சிரித்தாள். உடனே போனை வைத்துவிட்டாய்.

என் வகுப்பில் வயிற்றுவலி என்று லீவு கேட்கும் பையனின் உதட்டில் மாங்காய் உப்பு ஒட்டியிருக்கும். உன் பதிலும் அப்படித்தான். கொசு கடித்தால் பேச்சு குழறுமா?

எனக்கு இந்த அடையாளம் தெரியும். போன மாதம் இங்கே எனக்கு ஞானப்பல் எடுத்தார்கள். பயப்படாதே, வலிக்கவில்லை. டாக்டர் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டாரோ என்று நாக்காலேயே தடவிப் பார்த்துக்கொண்டு அறைக்கு வந்தேன். நெட்வொர்க் சரியில்லை என்று உன்னிடம் வீடியோ இல்லாமல் பேசினேனே, அது அந்த வாரம்தான்.

நீயும் பல்லைப் பிடுங்கியிருந்தால் சரி. மீனுக்குப் போடும் ஐஸைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடு. கிராம்பு வைத்தே சமாளிக்கிறாய் என்றால் சீழ் கோத்துக்கொள்ளும். மாலாவோடு பொன்னேரிக்குப் போய்ப் பல் டாக்டரிடம் காட்டு.

நீ இடிக்கும் இறால் பொடி கொஞ்சம் அனுப்பு. தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

மணி அடித்துவிட்டது, வகுப்பு இருக்கிறது. இது கிடைத்த அன்று வீடியோவில் வந்து வாயைத் திற. நானும் திறந்து காட்டுகிறேன்.

உன்
வரதன்